விலக்காதீர்கள், விட்டுவிடாதீர்கள்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் காசநோய். க்ஷயம் என்றும், எலும்புருக்கி என்றும், டி.பி. என்றும் நம் வீடுகளில் தாழ்ந்த குரலில், கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படுகிற அந்த வியாதியைப் பற்றி, இத்தனை பேர் கூடியிருக்கிற இந்த மண்டபத்திலே உரத்த குரலில் பேசிவிட வேண்டும் என்பதே என் விருப்பம். நான் உங்களிடம் சொல்ல வந்திருப்பவை இரண்டே காரியங்கள். நோயாளியை விலக்காதீர்கள், மருந்தை விட்டுவிடாதீர்கள். கேட்பதற்கு இவை இரண்டாகத் தோன்றினாலும் உண்மையில் ஒன்றேதான். ஏனென்றால், வீட்டாராலும் ஊராராலும் விலக்கப்படுகிற மனிதன் தன் நோயை மறைக்கிறான். நோயை மறைக்கிறவன் மருந்தையும் மறைத்து உண்கிறான். மறைத்து உண்கிற மருந்து ஒரு நாள் தவறும், இரண்டு நாள் தவறும், பிறகு நின்றே போய்விடும்.

இது பழங்காலத்து நோய்தானே, இன்றைக்கு இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அன்பர்களே, 2023-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகத்தில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோயால் பீடிக்கப்பட்டார்கள் என்றும், 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் அதற்குப் பலியானார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அப்படி நோயுற்றவர்களில் நால்வரில் ஒருவர் இந்தியர். சிறுகதை மன்னர் என்று நாம் கொண்டாடுகிற புதுமைப்பித்தன் 1948-இல், நாற்பத்திரண்டே வயதில், இந்த நோய்க்கு இரையானார். அந்தக் காலத்தில் சாமானியருக்கு எட்டும்படியான மருந்து நம் நாட்டில் இல்லை. இன்றோ மருந்து இருக்கிறது; அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. மருந்து இல்லாத காலத்தில் மனிதர்கள் மாண்டார்கள் என்பது துயரம். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதும் மாள்கிறார்கள் என்றால், அது நம் எல்லோர்மீதும் விழுகிற பழியல்லவா?

முதலில் இந்த நோய் எதனால் வருகிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி, ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில், ராபர்ட் கோக் என்னும் மருத்துவர், காசநோய்க்குக் காரணமான நுண்கிருமியைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக அறிஞர் சபையொன்றில் அறிவித்தார். பரம்பரைச் சாபம் என்றும், பூர்வ ஜன்ம பாபம் என்றும், உடல்வாகு என்றும் உலகம் எண்ணியிருந்த ஒரு வியாதிக்குக் கண்ணால் காணத்தக்க ஒரு காரணம் இருக்கிறது என்று அன்று நிரூபணமாயிற்று. அந்த நாளைத்தான் இன்றும் உலகக் காசநோய் தினமாக அனுஷ்டிக்கிறோம்.

அந்தக் கிருமி எப்படிப் பரவுகிறது? நுரையீரல் காசநோய் உள்ளவர், சிகிச்சை தொடங்காத நிலையில், இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படுகிற மிக நுண்ணிய துளிகளின் வழியே, காற்றில் மிதந்து, காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் உடனிருப்பவரின் மூச்சோடு உள்ளே போகிறது. அவர் உண்ட தட்டினால் பரவுமா? பரவாது. குடித்த தம்ளரினால் பரவுமா? பரவாது. உடுத்த துணியினால், தொட்ட கையினால் பரவுமா? பரவாது. அப்படியிருக்க, நம் வீடுகளில் நோயாளிக்கென்று முதலில் ஒதுக்கி வைக்கப்படுவது எது? தட்டும் தம்ளரும்தானே! நோயைத் தடுக்காத காரியத்தை நாம் மிகுந்த ஜாக்கிரதையோடு செய்கிறோம். நோயைத் தடுக்கிற காரியமான ஜன்னலைத் திறந்து வைப்பதையும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதையும், காலதாமதமின்றி மருந்தைத் தொடங்குவதையும் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிருமி உள்ளே புகுந்த எல்லோரும் நோயாளிகள் ஆவதில்லை. நூறு பேரின் உடலில் அது புகுந்தால், அவர்களில் ஐந்து முதல் பத்துப் பேரே தம் ஆயுட்காலத்தில் நோய்வாய்ப்படுகிறார்கள். மற்றவர்களின் உடலில் அது வாழ்நாள் முழுவதும் அடங்கியே கிடக்கிறது. அடங்கிக் கிடக்கும் கிருமி எப்போது எழுகிறது? உடலின் எதிர்ப்பு சக்தி குன்றும்போது எழுகிறது. போதிய ஆகாரமில்லாமை, நீரிழிவு, புகை, மது, எச்.ஐ.வி. தொற்று ஆகியவை அதை எழுப்பிவிடும் காரணங்கள். இவற்றில் ஆகாரமில்லாமையைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மருந்து கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு இந்த நோய்க்கு என்ன சிகிச்சை செய்தார்கள்? நல்ல காற்று, நல்ல வெயில், நல்ல உணவு, பூரண ஓய்வு. இதற்காகவே ஊருக்கு வெளியே மரங்கள் சூழ்ந்த இடங்களில் சானடோரியங்கள் எழுந்தன. டாக்டர் சௌரி முத்து என்னும் தமிழ் மருத்துவர் 1928-இல் தாம்பரத்துக்கு அருகே அப்படியொரு சானடோரியத்தை நிறுவினார். மின்சார ரயிலில் போகிற ஆயிரக்கணக்கானவர்கள் தாம்பரம் சானடோரியம் என்ற பெயர்ப் பலகையை இன்றும் பார்க்கிறார்கள். அந்த நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்தது இந்த நோயினால்தான். பெரியவர்களின் அந்தத் தொண்டைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நோயாளி என்றால் ஊருக்கு வெளியே அனுப்பப்பட வேண்டியவர் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் ஜனங்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. சானடோரியங்களின் காலம் போய்விட்டது. அந்த எண்ணம் மட்டும் போகவில்லை.

அந்த எண்ணம் தவறு என்று நிரூபித்தவர்கள் யார்? எந்த நாட்டு விஞ்ஞானிகள்? எந்த ஊரில் அது நிரூபணமாயிற்று? சொல்லும்போதே நெஞ்சு நிமிர்கிறது. அது நிரூபிக்கப்பட்ட இடம் நம் சென்னை மாநகரம்!

1956-ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோத்து, சென்னையிலே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையத்தைத் தோற்றுவித்தன. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கிவரும் ஸ்தாபனத்தின் தொடக்கம் அதுதான். அக்காலத்தில் மருந்துகள் வந்துவிட்டிருந்தன. 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோனியாசிட்டின் பயனும் கண்டறியப்பட்டிருந்தன. ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கில் இருந்தார்கள்; சானடோரியப் படுக்கைகளோ அவர்களில் மிகச் சிலருக்கே போதுமானவை. படுக்கை கிடைக்காதவன் என்ன செய்வான்? அவன் தன் வீட்டிலேயே இருந்து மருந்தை உண்டால் பிழைப்பானா, மாட்டானா? இதுதான் கேள்வி. நாட்டின் ஏழை ஜனங்கள் அனைவருடைய உயிரும் இந்த ஒரு கேள்வியைத் தொற்றிக்கொண்டிருந்தது.

வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவரின் தலைமையில், நம் நாட்டு மருத்துவர்களும் செவிலியர்களும் அந்தக் கேள்விக்கு விடை காணப் புறப்பட்டார்கள். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். யாரை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவர்கள் தம் இஷ்டப்படி தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில், பாரபட்சத்துக்கு இடமின்றி, ஒரு பாதியினர் சானடோரியத்துக்கும் மறு பாதியினர் தத்தம் வீடுகளுக்கும் ஒதுக்கப்பட்டார்கள். இரு சாராருக்கும் மருந்து ஒன்றே: ஓராண்டுக் காலம் ஐசோனியாசிட்டும் பாஸ் என்னும் மருந்தும். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் காற்றோட்டமான கூடம், சத்துள்ள சாப்பாடு, நாள் முழுவதும் ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கோ நெருக்கடியான சிற்றறை, எளிய உணவு, ஓய்வென்பதே இல்லாத உழைப்பு.

வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காக உண்கிறாரா என்று எப்படி அறிவது? நிலையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பு எதுவுமில்லாமல் நோயாளியின் வாசலில் போய் நின்றார்கள். கொடுத்தனுப்பிய மருந்தை எடுத்துவரச் சொல்லி, எஞ்சியிருப்பது எத்தனை என்று எண்ணிப் பார்த்தார்கள். சிறுநீரை வாங்கி, அதில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். அந்த எண்ணிக்கையும் அந்தச் சோதனையும் அவர்களுக்கு ஓர் உண்மையைக் கற்பித்தன. மருந்து உண்பதில் தவறுகிறவர் படிக்காதவர் மட்டுமல்லர், அலட்சியக்காரர் மட்டுமல்லர். யார் வேண்டுமானாலும் தவறலாம். ஆகையால் எல்லோருக்கும் ஒரு துணை வேண்டும். ஊழியர் ஒருவரின் கண்ணெதிரிலே மருந்து உண்ணும் முறை பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிற்றே, அதற்கு வித்திட்ட இடங்களில் சென்னையும் ஒன்று.

முடிவு என்ன? 1959-இல் அது வெளியாயிற்று. வீட்டிலிருந்து மருந்து உண்டவர்களும், சானடோரியத்தில் இருந்து மருந்து உண்டவர்களும், ஏறத்தாழச் சமமாகவே குணமடைந்திருந்தார்கள். அத்தோடு நின்றுவிடவில்லை. நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்தால் மனைவி மக்களுக்கு நோய் அதிகமாகப் பரவுமே என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. ஆகையால் இரு சாரார் குடும்பத்தினரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தில் நோய் கூடுதலாகப் பரவவில்லை! காரணம் எளியது. குடும்பத்தினருக்குக் கிருமி தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்புதான். தக்க மருந்து உள்ளே சென்ற பிறகு, பரப்பும் தன்மை விரைவில் குன்றிவிடுகிறது.

இதன் பொருள் என்ன என்று சற்று எண்ணிப் பாருங்கள். உலகத்தின் சானடோரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதற்கும், கோடிக்கணக்கான ஏழைகள் தங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிழைத்ததற்கும், சென்னையின் சிற்றறைகளில் வசித்த அந்த ஏழை நோயாளிகள் காரணமாயிருந்தார்கள். உலகத்துக்கே அந்த உண்மையைச் சொல்லிக்கொடுத்த நாட்டில், இன்றும் காசநோய் வந்த மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களே, நியாயமா? குணமான பெண்ணுக்கு வந்த வரன் திரும்பிப் போகிறதே, நியாயமா? சிகிச்சை பெற்றுவரும் தொழிலாளியை வேலைக்கு வராதே என்கிறார்களே, நியாயமா? ஆகவேதான் மீண்டும் சொல்கிறேன்: விலக்காதீர்கள்!

இனி இரண்டாவது காரியத்துக்கு வருவோம். மருந்தை விட்டுவிடாதீர்கள்.

இன்றைய சிகிச்சை சாதாரணமாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். ரிஃபாம்பிசின் என்னும் மருந்தினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும்; அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் கண் மஞ்சளித்தாலும், விடாத வாந்தி வந்தாலும், பார்வை மங்கினாலும், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக மருந்தை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

ஆறு மாதம் எதற்கு? சில வாரங்களிலேயே காய்ச்சல் தணிகிறது, இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது, உடம்பு தேறுகிறது. பிறகும் ஏன் மருந்து? வயலில் கோரை மண்டியதைப் பார்த்திருப்பீர்கள். மேலே உள்ள புல்லை அரிவாளால் அறுத்துவிட்டால் வயல் சுத்தமாகிவிட்டதுபோலத் தோன்றும். கிழங்கோ மண்ணுக்குள்ளே இருக்கும். அடுத்த மழைக்கு முன்னிலும் அடர்த்தியாக முளைக்கும். காசநோய்க் கிருமியும் அத்தகையது. மற்றக் கிருமிகள் பல அரைமணியில் இரண்டாகப் பெருக, இது பெருகுவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. அவற்றுள்ளும் சில செயலற்று உறங்கிக் கிடக்கின்றன. பெருகும் கிருமியையே மருந்து எளிதில் கொல்லும். உறங்கும் கிருமியைக் கொல்ல அது கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் ஆறு மாதம்.

நடுவில் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகளுள் மருந்தைத் தாக்குப் பிடிக்க வல்லவை தலையெடுத்துப் பெருகுகின்றன. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்னும் இரு முக்கிய மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய் இப்படித்தான் உருவாகிறது. உருவானபின், ஒரு நாளும் மருந்து தவறாத அப்பாவிகளுக்கும் அது தொற்றுகிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அதற்குச் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள், மாதக்கணக்கில் ஊசிகள், அந்த ஊசிகளால் காது கேளாமல் போனவர்கள் உண்டு. இன்று பெடாகுயிலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்னும் நான்கு மருந்துகளைக் கொண்டு, ஊசியே இல்லாமல், ஆறு மாதத்தில் அதைக் குணப்படுத்தும் முறை வந்திருக்கிறது; 2024-இல் நம் மத்திய அரசாங்கமும் அதற்கு அனுமதி அளித்துவிட்டது. விஞ்ஞானம் தன் கடமையைச் செய்திருக்கிறது. ஆனால் அரிதாகக் கிடைத்த இந்தப் புதிய ஆயுதங்களும் நம் அஜாக்கிரதையால் மழுங்கிவிடக் கூடாதல்லவா?

இப்போது ஆகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே அறிவுள்ள ஒருவர் எழுந்து, சென்னை ஆராய்ச்சியில் எளிய உணவு உண்டவர்களும் குணமடைந்தார்களே, பிறகு உணவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மருந்து கிருமியைக் கொல்வதற்கு விருந்துச் சாப்பாடு தேவையில்லை என்பதைத்தான் சென்னை காட்டிற்று. ஆனால் எலும்பும் தோலுமாக வந்து சேர்கிறவர், மருந்து வேலை செய்து முடிப்பதற்குள் மாண்டுபோகலாம். அவர் வீட்டில் அரைவயிற்றோடு இருப்பவர்கள், தங்களுக்குள் அடங்கியிருந்த கிருமிக்கு அடுத்தபடியாக இரையாகலாம். பட்டினியைத் தீர்க்காமல் நோயைத் தீர்ப்பது எங்ஙனம்?

இந்தக் கேள்விக்கும் நம் நாடே விடை சொன்னது. ஜார்க்கண்ட் மாநிலத்தில், அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்னும் மருத்துவத் தம்பதியர், நம் சென்னை நிறுவனத்தாரோடு சேர்ந்து, 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். நோயாளிகள் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் அளிக்கப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும், குடும்பத்தாருக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கூடுதலாகக் கொடுக்கப்பட்டன. 2023-இல் முடிவு வெளியாயிற்று. அரிசியும் பருப்பும் பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய வகை நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது! எந்தத் தொழிற்சாலையில் செய்த மருந்து இது? எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது? அரிசியும் பருப்பும் அல்லவா!

காசநோயாளியின் உணவுக்காக மத்திய அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. அது அவருக்கு உரிமையாக வருகிற தொகை. அது முட்டையாகவும், பயறாகவும், பாலாகவும், வேர்க்கடலையாகவும் மாறி நோயாளியின் தட்டுக்கு வந்து சேருகிறதா என்று பார்ப்பது குடும்பத்தாரின் பொறுப்பு.

நம் தமிழ்நாடு இதில் இன்னொரு வழியும் காட்டியிருக்கிறது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவர் யார் என்று முதல் நாளிலேயே கண்டுகொண்டால் அவரைக் காப்பாற்றலாமே! இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் 2022-இல் தொடங்கிய ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்’. அதில் செய்வது என்ன? ஊழியர் நோயாளியின் எடையையும் உயரத்தையும் பார்க்கிறார். காலை விரலால் அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறார். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார். விரல் நுனியில் சிறு கருவியை மாட்டி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அறிகிறார். பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார். அவ்வளவுதான். இந்தச் சில நிமிஷப் பரிசோதனையில் ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், அவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்து, மருந்தோடு தகுந்த உணவும் கொடுத்துத் தேற்றுகிறார்கள். வீட்டில் வைத்துப் பார்க்கத் தக்கவர் யார், மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர் யார் என்று பிரித்தறிகிற இந்த விவேகம், அன்றைய சென்னை ஆராய்ச்சியின் நேரடி வாரிசு.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. குழந்தைக்குப் பிறந்தவுடன் போடுகிற பி.சி.ஜி. ஊசி, மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயிலிருந்து சிசுக்களைக் காக்கிறது. கட்டாயம் போட வேண்டும். ஆனால் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுப்பதில்லை என்பது, செங்கற்பட்டு மாவட்டத்தில் நடந்த மாபெரும் ஆராய்ச்சியில் தெரியவந்தது. ஆகையால், சின்ன வயதில் ஊசி போட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்ற எல்லோரும் பரிசோதித்துக்கொண்டு, நோய் இல்லை என்று உறுதியானபின், மருத்துவர் சொல்லும் தடுப்பு மருந்தை உண்ணுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருங்கள். அவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

பெரியோர்களே, தாய்மார்களே, என் பேச்சை முடிக்கும் முன், ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலை நேரக் காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ, சளியில் ரத்தமோ இருந்தால், இருமல் மருந்துப் புட்டியோடு நாளைக் கடத்தாமல், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இன்றைய மூலக்கூறுப் பரிசோதனைக் கருவிகள் ஓரிரு மணி நேரத்தில் நோயையும் சொல்லும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதையும் சொல்லும். முதலாளிகளே, சிகிச்சை பெறும் தொழிலாளிக்கு அவருடைய இடத்தை வைத்திருங்கள். மாமியார்களே, மருமகள் மருந்து உண்ணும் வேளையில் ஒரு தம்ளர் தண்ணீரை உங்கள் கையாலேயே கொடுங்கள். மாணவர்களே, உங்கள் தெருவில் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் நிறுத்திவிட நினைத்தால், அவரை மறுபடி மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் துணையாக இருங்கள்.

ஏழைகளின் வீட்டிலேயே இந்த நோயை வெல்லலாம் என்று உலகத்துக்குச் சொன்ன ஊர் நம்முடையது. அதை உலகம் நம்பியது. நாமும் நம்ப வேண்டும். நம்பினால் மறைக்க மாட்டோம்; மறைக்காவிட்டால் மருந்து நிற்காது; மருந்து நிற்காவிட்டால் நோய் நிலைக்காது. நோயாளியை விலக்காதீர்கள். மருந்தை விட்டுவிடாதீர்கள். இந்த இரண்டையும் இன்றிரவே உங்கள் வீட்டில் சொல்லுங்கள். நாளைக் காலையில் அடுத்த வீட்டிலும் சொல்லுங்கள்.